நீர்க்காகத்தின் மன்னிப்புக் கடிதம்

நகராட்சியிலிருந்து தடித்த உறை வந்தால் நான் அதை உடனே பிரிப்பதில்லை. ஒரு நாள் மேசைமேல் போட்டு, அது என்ன செய்கிறது என்று பார்ப்பேன். நுனோசே ஆற்றில் முப்பத்தோரு வருடமாக நீர்க்காகப் படகின் பின்னால் நின்று கழி ஊன்றுகிறவன் நான். இத்தனை வருடத்தில் நல்ல செய்தி ஏதாவது வந்தது என்றால் அது வாய் வார்த்தையாகத்தான் வந்திருக்கிறது.

அந்த மே மாதம் வந்த உறைக்குள் பன்னிரண்டு சிறிய பிளாஸ்டிக் குழாய்கள் இருந்தன. மசுயோ அக்காவிடம் இருக்கும் நீர்க்காகங்களும் பன்னிரண்டு. உறையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா என் பெரியப்பா மகள். படகின் முன்னால் நின்று பன்னிரண்டு கயிறுகளையும் ஒற்றைக் கையில் பிடிப்பவள். பறவை முங்கி ஆயு மீனைக் கவ்வும், கழுத்துக் கயிறு விழுங்க விடாது, அக்கா மீனைக் கறந்து கூடையில் போடுவாள், சுற்றுலாக்காரர்கள் அதைச் சுட்டுத் தின்பார்கள். படகும் டிக்கெட்டும் நகராட்சியுடையவை. பறவையும் சளிக்காய்ச்சலும் அக்காவுடையவை. அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கடிதத்தைப் படித்தாள்.

“உணவுப் பணியாளர்கள் மாதம் ஒருமுறை மலப் பரிசோதனைக்கு மாதிரி அளிக்க வேண்டும். இப்பருவம் முதல், நுனோசே மீன் எவர் வாய்க்குள் செல்கிறதோ, விருந்தினர் நீங்கலாக, அவர் உணவுப் பணியாளர் ஆவார்.”

“நம்ம பசங்களுக்கா இது?” என்றேன்.

“அவனுங்களுக்குத்தான். பேர் எழுத இடம் இருக்கு பாரு. பொறந்த தேதி. கல்யாணம் ஆயிடுச்சா. கூட எத்தனை பேர் குடியிருக்காங்க.”

“யாரு அக்கா இப்படியெல்லாம் எழுதி அனுப்பறது?”

“புதுசா ஒருத்தர் வந்திருக்காராமே, மிகுரியான்னு.”

எங்கள் நகராட்சியில் ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் எல்லோரையும் இடம் மாற்றிவிடுவார்கள், யாராவது வேலையைக் கற்றுக்கொண்டுவிடப் போகிறார்களே என்ற கவலையில். சுற்றுலா மேம்பாட்டுப் பிரிவுக்குத் தலைவராக வந்த மிகுரியா அதற்குமுன் ஒன்பது வருடம் கழிவுநீர்ப் பிரிவில் இருந்தவர். ஆற்றைப் பற்றி அவருக்குத் தெரியாது. மலத்தைப் பற்றித் தெரியும். தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினார்.

குழாய்களோடு செயல்முறைத் தாள் ஒன்றும் இருந்தது. மாதிரி தருபவர் கழிப்பறை இருக்கையில் வழக்கத்துக்கு மாறாகச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், முதலில் சிறுநீர் கழித்துவிட வேண்டும், வெட்கப்படத் தேவையில்லை. நீர்க்காகம் எச்சமிடும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தாளின் அழகு விளங்கும். வாலைத் தூக்கினால் நாலு முழம் தள்ளி நிற்பவன் சட்டையில் விழும். நானும் அக்காவும் மூன்று நாள் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூண்டுக் கொட்டகையில் நின்றோம். பிறந்த தேதிக் கட்டத்தில் “கடல்” என்று அக்கா எழுதினாள். எல்லாம் கடற்கரைப் பாறையில் பிடிபட்ட காட்டுப் பறவைகள். யாரிடம் போய்க் கேட்பது?

மே இருபதாம் தேதி முடிவு வந்தது. பதினொரு பறவைகளிடம் ஒன்றுமில்லை. மூத்தவனின் மாதிரியில் தட்டைப்புழு முட்டை.

மூத்தவன் என்பது பெயரில்லை, பதவி. படகில் முதல் இடம் அவனுடையது. பிடித்துப் பதினேழு வருடம். அவன் ஏறி நின்ற பிறகுதான் மற்றவை ஏறும். வேறு எவனாவது முந்தினால் காதைக் கிழிக்கிற மாதிரி கத்துவான். அவனுக்கு ஒரு ஜோடி உண்டு, சின்னவன். இரண்டையும் ஒரே நாளில் பிடித்து ஒரே கூடையில் போட்டதிலிருந்து பழக்கம். எங்கள் தொழிலில் ஜோடியைப் பிரிக்கமாட்டோம். கூடையில் இரண்டும் கழுத்தோடு கழுத்து வைத்துக்கொண்டுதான் தூங்கும். வெட்டியாக நிற்கும்போதுகூட ஒன்று மற்றதன் இறகைக் கோதும். அக்காவுக்குப் பிள்ளையில்லை. அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அவள் அந்த இரண்டையும் பார்க்கும் பார்வையை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

விசாரணை நகராட்சி மூன்றாம் மாடியில் நடந்தது. வாசலில் மூத்தவனின் கூடைக்கு “பார்வையாளர்” அட்டை மாட்டினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேர், எல்லோர் முன்னாலும் பச்சைத் தேநீர். மூத்தவன் முன்னாலும் ஒரு கோப்பை வைத்தார்கள். அது மரியாதையா பொறியா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அவனைக் குடிக்கவிடவில்லை.

மிகுரியா மெலிந்த மனிதர். பேசும்போது இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொள்வார், எதையும் ஒளித்து வைக்கவில்லை என்பதுபோல. எனக்கு அப்படிப்பட்ட கைகளைப் பார்த்தாலே ஆகாது.

“மசுயோ அம்மா, முதல்லயே சொல்லிடறேன். நாங்க இந்தப் பறவையச் சந்தேகப்படல. நம்பறதுக்குக் காரணம் இல்ல, அவ்வளவுதான். ரெண்டும் வேற வேற.”

“சரிங்க தலைவரே.”

“படகு ஓடாத மாசங்கள்ல இவர் எங்க சாப்பிட்டாரு?”

“குளிர்காலத்துல ஆத்துல அவிழ்த்து விடுவோம். அதுங்களே புடிச்சுத் தின்னும்.”

ஒன்பது பேனாக்களும் எழுதின.

“மேற்பார்வை இல்லாம?”

“தண்ணிக்குள்ள போவுது தலைவரே. நான் எங்கேர்ந்து பாக்கறது?”

“அதாவது, என்ன சாப்பிட்டாருன்னு அவரத் தவிர யாருக்கும் தெரியாது.”

சுகாதார மையத்தின் சோதனைக்கூடப் பெண் தகுச்சி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று அந்த அறையில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்தி என்பதால் நாற்காலியைக் கதவோரம் போட்டிருந்தார்கள். அவள் கையை உயர்த்தினாள்.

“தலைவரே, இது ரொம்ப சாதாரணமான விஷயங்க. முட்டை ஆத்துல விழும், நத்தை தின்னும். நத்தைக்குள்ள வளந்து வெளிய வந்து, மீனோட செதிளுக்கு அடியில போய் ஒட்டிக்கும். மீனப் பச்சையாத் தின்னா குடலுக்குள்ள புழு. பறவை தின்னாலும் அப்படித்தான், மனுஷன் தின்னாலும் அப்படித்தான். கொக்கு, நாரை எல்லாத்துக்கும் இருக்கும். பறவைக்கு இதுல பெருசா ஒண்ணும் ஆகாது. சுட்டுச் சாப்பிட்டா யாருக்கும் வராது.”

மிகுரியா பொறுமையாகக் கேட்டார். “நத்தை எந்தப் பிரிவு?”

“ஆத்துப் பராமரிப்புங்க,” என்றார் துணைத் தலைவர்.

“மீனு?”

“மீன்வளம்.”

“கொக்கு?”

“வனத்துறை. அது மாகாணத்துக்குக் கீழ வருது.”

“பாருங்க தகுச்சி. நீங்க சொல்றதுல நம்ம அதிகாரத்துக்குக் கீழ வர்றது இவர் மட்டும்தான். காரணத்தைக் கண்டுபிடிக்கறது விஞ்ஞானம். பொறுப்பைக் கண்டுபிடிக்கறது நிர்வாகம்.”

இதை ஒரு துணை அலுவலர் தனியாகக் குறித்துக்கொண்டு அடிக்கோடும் போட்டார்.

பிறகு படிவம் ஏழு வந்தது. முட்டை கண்டறியப்பட்ட பணியாளர் வருத்தம் தெரிவித்து முத்திரையிட வேண்டும். அதே பணியிடத்தைச் சேர்ந்த, சோதனையில் தேறிய இன்னொருவர் மேலொப்பமிட வேண்டும். “என் கவனக்குறைவால் ஏற்பட்ட தொல்லைக்கு ஆழ்ந்து வருந்துகிறேன், இனி உண்பதில் ஒழுங்கைக் கடைப்பிடிப்பேன்” என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். மூத்தவனிடம் முத்திரை இல்லை என்பதால் சிவப்பு மைப்பெட்டியில் அவன் காலை அழுத்தி, தாளில் பதித்தார்கள். அக்காதான் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான், கத்தவில்லை. முன்மாதிரியாகத் தானும் ஒரு குழாய் கொடுத்துத் தேறியிருந்ததால், தேறிய பணியாளர் என்ற முறையில் மிகுரியா கீழே தன் முத்திரையைக் குத்தினார். வட்டமாக, அழகாக இருந்தது.

முடிவையும் வாசித்தார்கள். மூத்தவன் தனிமைப்படுத்தப்பட வேண்டும். ஜூலை ஒன்றாம் தேதி பருவம் தொடங்குமுன் மூன்று முறை தேற வேண்டும். தேறாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பறவைப் பூங்காவுக்கு அனுப்பப்படுவான்.

“ஜோடியோடவா?” என்றாள் அக்கா.

“ஜோடி தேறியிருக்காரே. தேறினவர எப்படி அனுப்பறது? அது அநியாயம்.”

படியில் இறங்கும்போது அக்கா கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அங்க போனா பத்து நாள் தாங்க மாட்டான்டா ஹிசாஜி,” என்றாள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

தனிமைப்படுத்தலை மேற்பார்வையிடத் துணைத் தலைவர் நேரில் வந்தார். கூடைக்கு நடுவே பலகைத் தடுப்பு வைத்து, படம் எடுத்துக்கொண்டு போனார். முதல் நாள் மூத்தவன் தின்னவில்லை. இரண்டாம் நாள் சின்னவனும் தின்னவில்லை. பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே உயரத்தில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றன. மூன்றாம் நாள் அக்கா கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுதாள். அவள் புருஷன் செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடித்துவிட்டு எழுந்து பலகையை உருவினாள்.

“கூடையில தடுப்பு இருக்கணும்னுதானே எழுதியிருக்கு?”

“ஆமா.”

“எங்க இருக்கணும்னு எழுதியிருக்கா?”

நான் தாளை இரண்டு முறை படித்தேன். எழுதியிருக்கவில்லை. பலகையைக் கூடையின் வெளிப்பக்கம் கட்டினோம்.

அன்றிலிருந்து இரண்டுக்கும் ஆற்று மீன் கிடையாது; பனிக்கட்டியில் வரும் கடல் மீன் மட்டும்தான். மருந்து வாங்கப் போனால் ஆஸ்பத்திரியில் மூத்தவனின் காப்பீட்டு அட்டையைக் கேட்டார்கள். கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர், “எதுக்குன்னு என்கிட்ட சொல்லாதீங்க,” என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அதை மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுத்தோம்.

இதற்குள் ஊரில் சங்கதி பரவிவிட்டது. சோபா நூடுல்ஸ் கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டான். நீர்க்காகங்கள் கண்டபடி தின்பதைப் பார்த்தால் தெரிவிக்க நகராட்சி ஒரு தொலைபேசி எண் வைத்தது. முதல் வாரம் நாற்பத்தொரு அழைப்புகள் வந்தன. முப்பத்தெட்டு, கொக்கைப் பற்றி. இரண்டு, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி. ஒன்று என்னைப் பற்றி. தடுப்பணையில் “அனுமதியின்றி மீன் உண்ணும் பறவைகள் தம்மைப் பதிவு செய்துகொள்ளவும்” என்று பலகை வைத்தார்கள். அதன்மேல் ஒரு நாரை தினமும் நின்றது. அதை ஒத்துழைப்பு என்று மாதாந்தர அறிக்கையில் சேர்த்தார்கள்.

சத்திரங்களில் முன்பதிவு சரிந்தது. அப்போதுதான் மிகுரியாவுக்கு அந்த யோசனை வந்தது. ஜூன் எட்டாம் தேதி ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு, டிவி கேமராவுக்கு முன்னால், நகராட்சியின் ஒன்பது அதிகாரிகளும் நுனோசே ஆயு மீனைத் தின்று காட்டுவார்கள். நீல மேலங்கி, தலையில் முறுக்கிய துண்டு. மீனை முள்ளோடு மெல்லிசாகச் சீவி, பச்சையாக, புளித்த சோயா விழுதோடு.

தகுச்சி தட்டைப் பார்த்ததும் முன்னால் ஓடினாள். “தலைவரே, சுட்டுச் சாப்பிடுங்க. ஒரு நிமிஷம் நெருப்புல காட்டினா போதும்.”

“சுட்டா நாம மீன நம்பலைன்னு அர்த்தம் ஆயிடும்.”

“நம்பிக்கை இல்லீங்க, புழு.”

“தகுச்சி, பொதுமக்கள் பாத்துக்கிட்டிருக்காங்க. சிரிங்க.” அவர் ஒலிவாங்கியை எடுத்தார். “நுனோசே ஆறு சுத்தமா இருக்கு. தப்பு ஒரு தனிப்பட்ட பணியாளரோட நடத்தையில இருந்துச்சு. அவர் மேல நடவடிக்கை எடுத்தாச்சு. அதனால இப்ப மீனும் சுத்தம்.”

கை தட்டினார்கள். ஒன்பது பேரும் தின்றார்கள். மிகுரியா இரண்டாம் தட்டும் வாங்கினார். துணைத் தலைவர் மட்டும் துண்டால் வாயைத் துடைக்கிற சாக்கில் மீனை மேலங்கிக் கைக்குள் தள்ளியதை நான் பார்த்தேன். அவர்மேல் எனக்கு அன்றுதான் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஜூன் கடைசி வாரம் திறப்பு விழாவுக்கான சோதனை. மீன் தின்றது டிவியில் வந்துவிட்டது. விதியோ மிகுரியா எழுதியது. அந்த ஒன்பது பேரின் வாய்க்குள்ளும் நுனோசே மீன் போயிருந்தது, அவர்கள் விருந்தினரும் இல்லை. ஒன்பது குழாய்கள் மூன்றாம் மாடிக்குப் போயின. செயல்முறைத் தாளும் போனது.

முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்பதும் மிகுரியாவின் விதிதான், வெளிப்படைத்தன்மைக்காக. தகுச்சி விதிப்படி ஒட்டினாள். ஒட்டிவிட்டு மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள்.

திறப்பு நாள் காலை படகைக் கழுவிக்கொண்டிருந்தோம். மூத்தவன் மூன்று முறையும் தேறிவிட்டான். கூடையில் சின்னவனோடு கழுத்தைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். ஆனால் அவனைப் படகில் ஏற்றும் ஆணையில் மிகுரியாவின் முத்திரை இன்னும் விழவில்லை. முத்திரை விழாத பணியாளர் தேறாதவர் கணக்கு; விசாரணை முடிவுப்படி இன்று மதியம் பூங்கா வண்டியில் ஏறவேண்டும். வண்டி பாலத்துக்கு மேல் வந்து நின்றுவிட்டது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி ஒரே பலகையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மிகுரியா தனியாகப் படியிறங்கி வந்தார். கைகளை விரிக்க மேசை இல்லாததால் காகிதக் கோப்பு ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தார்.

“மசுயோ அம்மா, ஒரு சின்ன திருத்தம். ஒன்பது மாதிரியில எட்டுல முட்டை இருந்துச்சு.”

“பலகையில பாத்தேன் தலைவரே. ஊரே பாத்துச்சு.”

“அந்த எட்டையும் பறவைங்க பேருல மாத்திட்டா, குழாய் கலந்துபோச்சுன்னு ஒரு விளக்கம் தந்துடலாம். நகராட்சிக்குக் கெட்ட பேர் வராது.”

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். “எட்டு பறவைக்குப் புழுன்னு எழுதிட்டா, எட்டும் எங்க போகும்?”

“அது அப்புறம் யோசிக்கலாம்.”

“வண்டி இப்பவே நிக்குதே தலைவரே.”

“நீங்க எங்கமேல சந்தேகப்படறீங்க.”

“ஐயோ, சந்தேகமெல்லாம் இல்லீங்க,” என்றாள் அக்கா. “நம்பறதுக்குக் காரணம் இல்ல, அவ்வளவுதான். ரெண்டும் வேற வேற.”

மிகுரியா திரும்பிப் பார்த்தார். கரையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. டிவிக்காரர்கள் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு கோப்பைத் திறந்து படகின் விளிம்பில் வைத்து, ஆணையில் தன் முத்திரையைக் குத்தினார். அக்கா அதை வாங்கி மூன்று முறை படித்து, மடித்து, அங்கிக்குள் செருகிக்கொண்டாள். பாலத்து வண்டிக்காரனுக்கு நான் கையை ஆட்டிப் போகச் சொன்னேன். அவன் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மிகுரியா போகவில்லை. கோப்பிலிருந்து இன்னொரு தாளை உருவினார். இந்த முறை அவர் பெயரிலேயே படிவம் ஏழு. வருத்தம் அச்சடித்தாயிற்று, அவர் முத்திரையும் விழுந்தாயிற்று. கீழே மேலொப்பக் கட்டமும் அதன் பக்கத்தில் தேதியும் காலியாக இருந்தன.

“துணைத் தலைவர் ஒருத்தர்தான் தேறினாரு. ஆனா கூட்டு நிகழ்ச்சியில ஒத்துழைக்கலன்னு நேத்து அவர நூலகத்துக்கு மாத்திட்டேன்,” என்றார். “அதே பணியிடத்துல வேற தேறினவங்க...”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூடையைப் பார்த்தாள். கரைக்குப் போய் மைப்பெட்டியை எடுத்துவந்தது நான்தான். இதை ஒளிக்க விரும்பவில்லை.

மூத்தவன் கூடையிலிருந்து இறங்கினான். எங்கும் பார்க்காமல் நடந்து தன் இடத்துக்குப் போனான், படகின் முனைக்கு. சின்னவன் பின்னால் போய்ப் பக்கத்தில் நின்றான். மற்ற பத்தும் வரிசையாக ஏறின. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு மைப்பெட்டியை அவன் காலடியில் வைத்தாள்; இந்த முறை யாரும் காலைப் பிடிக்கவில்லை. அவன் மைமேல் ஏறி, மிகுரியா இரண்டு கையாலும் குனிந்து நீட்டிய தாள்மேல் ஏறி, முழு எடையையும் வைத்து நின்றான். பாதம் முழுசாக, சவ்வோடு, கட்டத்துக்குள் அழகாக விழுந்தது.

“ரொம்ப நன்றி,” என்றார் மிகுரியா, பழக்க தோஷத்தில், பறவையிடம்.

மூத்தவன் திரும்பி நின்று வாலைத் தூக்கினான்.

நாங்கள் மூவரும் தாளைப் பார்த்தோம். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு குனிந்து படித்தாள்.

“தேதியும் போட்டுட்டான் தலைவரே,” என்றாள்.